கூட்டில் புதிதாக யாரைச் சேர்ப்பது?

உரும்பிராய்ச் சந்தியில் ஐந்து கடைக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து, கொழும்பு புறக்கோட்டையிலிருந்து வாரம் ஒரு லொறியில் சாமான் இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லொறி வாடகை 90,000 ரூபா. ஆளுக்கு 18,000. இப்போது ஆறாவது கடைக்காரர் ஒருவர் வந்து, தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறார். ஆறு பேரானால் ஆளுக்கு 15,000 ரூபாதான். கேட்டவுடன் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் அந்த ஆறாவது கடை இருப்பது பருத்தித்துறையில். லொறி அங்கேயும் போய்த் திரும்ப வேண்டும். டீசல், சாரதியின் கூலி, சாமான் இறக்குபவர்களின் மேலதிக நேரம் எல்லாம் சேர்ந்து வாடகை 120,000 ஆகிவிடுகிறது. இப்போது ஆளுக்கு 20,000. ஆள் கூடியது, செலவும் கூடியது. இலாபம் மட்டும் கூடவில்லை.

கூட்டில் ஆளைச் சேர்ப்பது எளிது, பிறகு பிரிப்பதுதான் கஷ்டம் என்பதை வியாபாரம் செய்கிற எவரும் அறிவார். ஆனாலும் புதிய ஒருவரைச் சேர்க்கும் நேரத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டே விடயங்கள்தாம். ஒன்று, அவர் கொண்டுவரும் பணம். மற்றது, அவரோடு நமக்குள்ள பழக்கம். இவை இரண்டும் போதுமா?

இந்தக் கேள்வியைக் கோடிக்கணக்கான டொலர் கணக்கில் கேட்டு, சரியாகவும் பிழையாகவும் விடை கண்ட ஒரு துறை இருக்கிறது. அதுதான் விளையாட்டு. அமெரிக்காவின் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்புகளும், பக்கத்து நாட்டின் ஐ.பி.எல். கிரிக்கெட்டும், நமது நாட்டின் லங்கா பிரீமியர் லீக்கும் கடந்த சில ஆண்டுகளில் பட்ட பாடுகள் சில்லறைக் கடைக்காரருக்கும் பாடமாகக் கூடியவை. விளையாட்டில் ஆர்வமில்லாத வாசகர்களும் கணக்கைக் கவனித்தால் போதும்.

பங்கு கூடுமா, குறையுமா?

நமது நாட்டில் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி என்றால் மாணவர்களுக்கான விழா. யாழ்ப்பாணம், பேராதனை, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்று எல்லா அணிகளும் வருகின்றன, ஓடுகின்றன, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போகின்றன. தொலைக்காட்சிப் பணம் என்ற பேச்சே அங்கு இல்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பல்கலைக்கழகங்கள் பத்துப் பன்னிரண்டாகச் சேர்ந்து தமக்குள் கூட்டமைப்புகளை அமைத்துக்கொண்டுள்ளன. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அவர்களுடைய 'ஃபுட்போல்' ஆட்டத்தைப் பார்க்க ஒரு மைதானத்திலேயே ஒரு இலட்சம் பேர் கூடுவார்கள். அந்த ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகின்றன. 'பிக் டென்' என்ற கூட்டமைப்பு 2022 ஒகஸ்டில் செய்துகொண்ட ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 7 பில்லியன் டொலர். இந்தப் பணத்தை அங்கத்துவப் பல்கலைக்கழகங்கள் பங்கு பிரித்துக்கொள்கின்றன.

ஆகவே புதிதாக ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ப்பதா என்று பேச்சு வரும்போது அவர்கள் முதலில் போடுவது எளிய வகுத்தல் கணக்கு. பத்து அங்கத்தவர்கள் கொண்ட கூட்டமைப்புக்கு ஆண்டுக்கு 300 மில்லியன் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 30 மில்லியன். பதினோராவதாக வருகிறவரால் ஒளிபரப்பாளர் 20 மில்லியன் மட்டும் கூடுதலாகத் தருவார் என்றால், மொத்தம் 320. அதைப் பதினொன்றால் வகுத்தால் ஆளுக்கு 29 மில்லியன்தான். மொத்த வருமானம் வளர்ந்திருக்கிறது; பழைய பங்காளிகள் ஒவ்வொருவருக்கும் நட்டம். வருகிறவர் 30 மில்லியனுக்கு மேல் கொண்டுவந்தால் மட்டுமே மற்றவர்களுக்குப் பிரயோசனம்.

"வியாபாரம் பெருகுகிறது" என்ற சொல்லில் நம்மில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மொத்த விற்பனை பெருகுவது வேறு, என் பங்குக்கு வரும் காசு பெருகுவது வேறு. கூட்டுக்குப் புதியவர் வரும்போது பார்க்க வேண்டியது இரண்டாவதை.

நூறாண்டுக் கூட்டமைப்பு கலைந்த கதை

அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1915ஆம் ஆண்டு நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு ஒன்று, பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு 'பாக் 12' என்று அறியப்பட்டது. கலிபோர்னியா, ஒரிகன், வொஷிங்டன், அரிசோனா, யூட்டா, கொலராடோ ஆகிய மாநிலங்களின் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் அதில் இருந்தன. ஸ்டான்போர்ட், பெர்க்லி போன்ற உலகப் புகழ் பெற்ற பெயர்களும் அவற்றுள் அடக்கம். பணமும் பெயரும் பாரம்பரியமும் உள்ள கூட்டு.

2021 ஜூலையில் பக்கத்திலிருந்த 'பிக் 12' கூட்டமைப்புக்கு ஓர் இடி விழுந்தது. அதன் இரு பெரும் தூண்களான டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் விலகி, தென்கிழக்குக் கூட்டமைப்பில் சேர முடிவெடுத்தன. எஞ்சியவை எட்டு. அவற்றில் சில தங்களைச் சேர்த்துக்கொள்ளுமா என்று பாக் 12ஐ எதிர்பார்த்து நின்றன. ஒகஸ்ட் மாதம் பாக் 12 தன் முடிவை அறிவித்தது. இப்போதைக்கு யாரையும் சேர்ப்பதில்லை என்பதே அந்த முடிவு. உள்ளவர்களின் பங்கு குறைந்துவிடக் கூடாதே என்ற கவலை அதன் பின்னால் இருந்தது.

தள்ளாடிக்கொண்டிருந்த பிக் 12 சும்மா இருக்கவில்லை. செப்டெம்பரிலேயே நான்கு பல்கலைக்கழகங்களை அழைத்தது. சின்சினாட்டி, ஹூஸ்டன், மத்திய புளோரிடா, யூட்டாவின் பிரிகாம் யங் ஆகியவையே அவை. இவற்றில் எதுவும் டெக்சாஸுக்கு ஈடானதல்ல. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சரக்கு இருந்தது. ஹூஸ்டன் அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம். மத்திய புளோரிடாவில் 70,000 அளவில் மாணவர்கள். பிரிகாம் யங் மோர்மன் சமயத்தவரின் பல்கலைக்கழகம். நாடெங்கும் பரந்த ஆதரவாளர்கள் அதற்கு உண்டு. பெரிய பெயருக்காகக் காத்திருக்காமல், கிடைக்கக் கூடியவர்களில் நல்லவர்களைப் பார்த்துச் சேர்த்தது பிக் 12.

அடுத்த ஆண்டு இடி பாக் 12இன் தலையில் விழுந்தது. 2022 ஜூன் 30 அன்று லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் இரு பல்கலைக்கழகங்களும் பிக் டென் கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. நியூயோர்க்குக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய தொலைக்காட்சிச் சந்தை லொஸ் ஏஞ்சலிஸ். அதை இழந்த கூட்டமைப்பு புதிய ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்காகப் பேரம் பேசத் தொடங்கியது. அங்கத்தவருக்கு ஆண்டுக்கு 30 மில்லியன் டொலர் அளவில் வந்த பேச்சை ஏற்காமல், 50 மில்லியன் கேட்டு விட்டுவிட்டார்கள் என்று பின்னர் செய்திகள் வெளியாகின.

அதே நேரத்தில் பிக் 12 பேரத்தை நீட்டவில்லை. 2022 ஒக்டோபரில் ஆறு ஆண்டுகளுக்குச் சுமார் 2.28 பில்லியன் டொலருக்கு ஒப்பந்தத்தை முடித்துவிட்டது. அங்கத்தவருக்கு ஆண்டுக்கு 31 மில்லியனுக்குச் சற்று மேல். அதைவிட முக்கியமான ஒரு விதியும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. பெரிய கூட்டமைப்புகளிலிருந்து யாராவது புதிதாக வந்து சேர்ந்தால், அவர்களுக்கும் அதே அளவு பங்கை ஒளிபரப்பாளரே மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். அதாவது, ஆள் கூடினாலும் பழையவர்களின் பங்கில் ஒரு சதமும் குறையாது. வகுத்தல் கணக்கின் சிக்கலை ஒப்பந்தத்திலேயே தீர்த்துவிட்டார்கள்.

2023 ஜூலை இறுதியில் கொலராடோ பாக் 12ஐ விட்டு பிக் 12க்குப் போனது. ஒகஸ்ட் தொடக்கத்தில் பாக் 12 தலைமை தன் அங்கத்தவர்களுக்குக் கொண்டுவந்து காட்டிய ஒப்பந்தம் அப்பிள் நிறுவனத்தினுடையது. சந்தாதாரர் எத்தனை பேர் சேர்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் வருமானம் கூடும் என்ற ஒப்பந்தம் அது. நிச்சயமான 30 மில்லியனுக்கும் நிச்சயமில்லாத கணக்குக்கும் இடையில் எதைத் தேர்வார்கள்? ஒகஸ்ட் 4ஆம் திகதி ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின. ஒரிகனும் வொஷிங்டனும் பிக் டென்னுக்கு. அரிசோனா, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், யூட்டா ஆகியன பிக் 12க்கு. செப்டெம்பர் 1 அன்று ஸ்டான்போர்டும் பெர்க்லியும் போயின. நூறாண்டு கடந்த கூட்டில் எஞ்சியவை இரண்டே இரண்டு. ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும். 1915இல் கூட்டமைப்பைத் தொடங்கிய நால்வரில் ஒன்று இந்த ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம்.

2021இல் பலவீனமாக நின்றவர் பிழைத்தார். பலமாக நின்றவர் விழுந்தார். ஆளைச் சேர்க்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அந்த முடிவுக்கும் விலை உண்டு.

நுழைவுக்கு விலை, தூரத்துக்கு விலை

வெளியேறியவர்கள் எல்லோரும் முழுப் பங்கோடு புதிய கூட்டில் சேரவில்லை. இது நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம். ஒரிகனும் வொஷிங்டனும் பிக் டென்னில் சேர்ந்தது ஏறத்தாழ அரைப் பங்குக்கு. ஸ்டான்போர்டும் பெர்க்லியும் அத்திலாந்திக் கரைக் கூட்டமைப்பில் முதல் ஏழு ஆண்டுகளுக்கு 30 சதவீதப் பங்கு மட்டும் பெற ஒத்துக்கொண்டன. டல்லாஸ் நகரின் தென் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒன்பது ஆண்டுகளுக்குக் கூட்டமைப்பின் தொலைக்காட்சிப் பணமே வேண்டாம், சேர்த்துக்கொண்டால் போதும் என்றது.

பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றலாம். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வசதி படைத்த பழைய மாணவர்கள் நிறைய உண்டு. அவர்கள் சில நாட்களிலேயே 100 மில்லியன் டொலர் திரட்டிக் கொடுத்தார்கள். 2024இல் சேர்ந்த முதல் பருவத்திலேயே அதன் அணி கூட்டமைப்பின் இறுதி ஆட்டம் வரை சென்று, தேசிய சம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றுக்கும் தெரிவானது. நல்ல சந்தையில் இடம் பிடிக்க முதல் சில ஆண்டுகள் இலாபத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அந்த ஆண்டுகளைத் தாங்கும் கைப்பணம் அவர்களிடம் இருந்தது. கைப்பணம் இல்லாதவர் இதே வேலையைச் செய்தால் கடையைப் பூட்ட வேண்டி வரும்.

தூரத்தின் செலவையும் சொல்ல வேண்டும். பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்டு இப்போது அத்திலாந்திக் கரைக் கூட்டமைப்பில் ஆடுகிறது. லொஸ் ஏஞ்சலிஸ் அணிகள் நியூஜேர்சிக்குப் போய் ஆட வேண்டும்; ஒரு வழிக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். ஃபுட்போல் அணிக்கு ஆட்டம் வாரத்துக்கு ஒன்று; விமானத்தில் போய் வரலாம். வொலிபோல், டெனிஸ், நீச்சல் என்று வருமானமில்லாத விளையாட்டுகளின் பிள்ளைகளும் அதே தூரம் பறக்க வேண்டியிருக்கிறது. பறப்புச் செலவும் விட்டுப்போகும் பாடமும் பல்கலைக்கழகத்தின் கணக்கில்தான் விழுகின்றன. நாம் தொடக்கத்தில் பார்த்த பருத்தித்துறை லொறிக் கணக்கும் இதுவும் ஒன்றுதான்.

இன்னொரு வேடிக்கை. லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகமும் பெர்க்லியும் ஒரே மாநில நிர்வாகத்தின் கீழ் உள்ளவை. அண்ணன் நல்ல இடத்துக்குப் போய் தம்பி நடுத்தெருவில் நின்றதால், லொஸ் ஏஞ்சலிஸ் ஆண்டுக்கு 10 மில்லியன் டொலர் பெர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்று 2024இல் நிர்வாகம் தீர்மானித்தது. கூட்டை விட்டுப் போகிறவர் பின்னால் நிற்பவருக்கு ஏற்படுத்தும் நட்டமும் கணக்கில் வரத்தான் செய்கிறது.

எஞ்சிய இருவர் யாரைச் சேர்த்தார்கள்?

தனித்து நின்ற இரு பல்கலைக்கழகங்களும் பெயரையும் சொத்தையும் விடவில்லை. வெளியேறுகிறவர்கள் கூட்டமைப்பின் பணத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று நீதிமன்றம் சென்று, நிர்வாகத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டன. பிறகு அவற்றின் முன் நின்ற கேள்வி ஒன்றுதான். அமெரிக்க விதிப்படி ஃபுட்போல் கூட்டமைப்புக்குக் குறைந்தது எட்டு அணிகள் வேண்டும். யாரை அழைப்பது?

2024 செப்டெம்பரில் போய்சி, கொலராடோ மாநிலம், ப்ரெஸ்னோ, சான் டியகோ ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களை அழைத்தார்கள். அதே மாதம் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்தது. இவை யாவும் அயலிலிருந்த மலை மேற்குக் கூட்டமைப்பின் அங்கத்தவர்கள். தொலைக்காட்சியில் பெயரெடுத்த அணி போய்சி. சான் டியகோ பெரிய நகரம். எல்லாம் மேற்கே இருப்பவை, பயணம் அதிகமில்லை. ஒக்டோபரில் கொன்சாகா என்ற சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்த்தார்கள். அதற்கு ஃபுட்போல் அணியே கிடையாது. ஆகையால் எட்டு என்ற எண்ணிக்கைக்கு அது உதவாது. ஆனால் கூடைப்பந்தில் நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்று. தம்மிடம் இல்லாத சரக்கு அதனிடம் இருந்தது. அதற்காகவே அழைத்தார்கள்.

எட்டாவது ஃபுட்போல் அணி டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம். அது இணைந்த திகதி 2025 ஜூன் 30. ஏன் அந்தத் திகதி? மறுநாள் முதல் பழைய கூட்டமைப்பை விட்டு விலகும் கட்டணம் 5 மில்லியனிலிருந்து 10 மில்லியனாக இரட்டிக்க இருந்தது. ஒரு நாளின் பெறுமதி 5 மில்லியன் டொலர். புதுப்பித்த கூட்டமைப்பின் தொடக்க நாளாக 2026 ஜூலை 1 குறிக்கப்பட்டது.

இங்கேயும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. முன்னதாகப் போட்டிகளை நடத்துவதற்காக மலை மேற்குக் கூட்டமைப்போடு செய்த உடன்படிக்கையில், உங்கள் அங்கத்தவர் ஒருவரை நாங்கள் எடுத்தால் 10 மில்லியன் டொலர், அடுத்து எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அரை மில்லியன் கூட்டித் தருவோம் என்று ஒரு விதி இருந்தது. ஐந்து பேருக்கு 55 மில்லியன். கையெழுத்து வைத்தபோது வேறு வழியில்லாமல் வைத்தார்கள். கட்ட வேண்டிய நேரம் வந்ததும் அந்த விதி செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். அவசரத்தில் வைக்கும் கையெழுத்து பின்னால் எப்படித் துரத்தும் என்பதற்கு இது உதாரணம்.

சான் டியகோவின் கதையையும் சொல்லாமல் விடக் கூடாது. 2023 ஜூனில், பாக் 12 தன்னை அழைக்கும் என்ற நம்பிக்கையில், பழைய கூட்டமைப்புக்கு விலகப் போகும் எண்ணத்தைக் கடிதமாக எழுதிவிட்டது. அழைப்பு வரவில்லை. அந்தக் கடிதத்தையே இராஜினாமாவாக எடுத்துக்கொள்வதாகப் பழைய கூட்டமைப்பு சொன்னது. மறுபடி பேசித் தீர்த்துக்கொண்டு அதே இடத்தில் இருக்க வேண்டியதாயிற்று. புதிய கடையின் சாவி கைக்கு வருமுன் பழைய கடையைக் காலி செய்கிற வேலை இது.

ஐ.பி.எல்.: விலை கூடியவர் நின்று பிடிக்கவில்லை

அமெரிக்கக் கதை தூரமாகத் தெரிந்தால், நாம் எல்லோரும் பார்க்கும் ஐ.பி.எல்.ஐ எடுத்துக்கொள்வோம். 2008இல் எட்டு அணிகள் விற்கப்பட்டபோது மொத்தம் கிடைத்தது ஏறத்தாழ 724 மில்லியன் டொலர். இரண்டே ஆண்டுகளில், 2010 மார்ச்சில், மேலும் இரு அணிகளை ஏலம் விட்டார்கள். புனே 370 மில்லியன், கொச்சி 333 மில்லியன். எட்டு அணிகளுக்குக் கிடைத்த பணம் கிட்டத்தட்ட இரண்டு அணிகளுக்கே கிடைத்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

என்ன நடந்தது? கொச்சி அணி பல பங்காளிகள் சேர்ந்த கூட்டு. யாருக்கு எத்தனை பங்கு என்பதிலேயே தொடக்கம் முதல் சர்ச்சை. ஒரே ஒரு பருவம் ஆடியது. கொடுக்க வேண்டிய வங்கிப் பிணையைக் கொடுக்காததால் 2011 செப்டெம்பரில் இந்தியக் கிரிக்கெட் சபை அதை நீக்கியது. புனே அணியின் உரிமையாளரான சஹாரா நிறுவனம், கட்டணப் பிணக்கில் வங்கிப் பிணையைச் சபை காசாக்கிக்கொண்டதும் 2013 மே மாதம் விலகியது. மூன்று பருவங்களோடு அதன் கதையும் முடிந்தது.

முடிந்தது என்று சொன்னேனே, கொச்சிக் கதை உண்மையில் முடியவில்லை. தம்மை நீக்கியது முறையல்ல என்று அணியின் உரிமையாளர்கள் நடுவர் தீர்ப்பாயம் சென்று வென்றார்கள். அந்தத் தீர்ப்பை 2025 ஜூனில் மும்பாய் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. தொகை 538 கோடி இந்திய ரூபாவுக்கு மேல். ஆளைச் சேர்த்ததில் வந்த வரவைப் பார்த்தவர்கள், ஆளைப் பிரித்ததில் வந்த செலவைப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தார்கள்.

இரண்டாவது முறை நிதானமாக வந்தார்கள். 2021 ஒக்டோபரில் லக்னோ 7,090 கோடிக்கும், அஹமதாபாத் 5,625 கோடிக்கும் விற்கப்பட்டன. லக்னோவை எடுத்த குழுமம் 2016, 2017இல் புனேயில் தற்காலிக அணி ஒன்றை நடத்திப் பழகியது. அஹமதாபாத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமரும் மைதானம் தயாராக இருந்தது. 2022இல் அஹமதாபாத்தின் குஜராத் அணி முதல் பருவத்திலேயே கிண்ணத்தை வென்றது. ஆட்டங்களின் எண்ணிக்கை 60இலிருந்து 74 ஆனது. அதே ஆண்டு ஜூனில் 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாவுக்கு விலைபோனது. அதற்கு முந்தைய ஐந்தாண்டு உரிமை 16,347 கோடிதான். ஆட்கள் கூடியும் ஒவ்வொருவரின் பங்கும் பெருகியது.

2010இல் பார்த்தது விலையை மட்டும். 2021இல் மைதானம், அனுபவம், பணபலம் எல்லாம் சேர்ந்தே வந்தன.

யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி

நமது லங்கா பிரீமியர் லீக் 2020இல் ஐந்து அணிகளோடு தொடங்கியது. யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி வந்ததில் வடக்கு மக்களுக்கு மகிழ்ச்சி. 2020, 2021, 2022, 2024 என்று நான்கு முறை அந்த அணியே கிண்ணத்தை வென்றது. ஆனால் அந்த ஆண்டுகளில் ஒரு போட்டிகூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. சர்வதேசத் தரத்தில் மைதானம் இல்லை. முதல் பருவம் முழுவதும் அம்பாந்தோட்டையில். பிறகு கொழும்பு, கண்டி, தம்புள்ளை. அணியின் பெயர் நமது ஊருக்கு வந்தது. ஹோட்டல், வான், சாப்பாட்டுக் கடை, சிற்றுண்டி வியாபாரம் எல்லாம் வேறு ஊருக்குப் போனது. உரும்பிராய்ச் சந்தியில் ஒரு சோடாப் போத்தல்கூட அதனால் மேலதிகமாக விற்றிருக்காது.

உரிமையாளர்களின் நிலையும் ஸ்திரமாக இல்லை. முதல் பருவம் முடிந்ததும், 2021இல், கொழும்பு, தம்புள்ளை அணிகளின் உரிமையாளர்களுடனான ஒப்பந்தம் இரத்தானது. யாழ்ப்பாண அணியும் அதே ஆண்டு கைமாறிப் பெயர் மாறியது. 2024 மே மாதம் தம்புள்ளை அணியின் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானதும் அந்த ஒப்பந்தமும் இரத்தானது. 2025 ஏப்ரலில், ஒப்பந்தக் கடப்பாடுகளை நிறைவேற்றவில்லை என்று கூறி யாழ்ப்பாணம், கொழும்பு அணிகளின் உரிமையாளர்களையும் இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் நீக்கியது. நான்கு முறை சம்பியனான அணிக்கும் இதுதான் கதி. கிண்ணம் வேறு, கணக்கு வேறு.

2025 செப்டெம்பர் 1 அன்று மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். மைதானம் எழும்பி அதில் போட்டிகள் நடந்தால்தான் யாழ்ப்பாண அணி யாழ்ப்பாண வர்த்தகருக்குப் பயன் தரும். அதுவரை அது சுவரில் எழுதிய பெயர்தான்.

நமது கூட்டுக்கு ஆறு கேள்விகள்

இவ்வளவையும் பார்த்த பிறகு, கூட்டுக் கொள்முதலோ, பங்குக் கடையோ, போக்குவரத்துக் கூட்டோ, அதில் புதிய ஒருவரைச் சேர்க்குமுன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவாகின்றன.

முதலாவது, இவர் வந்தால் இப்போதுள்ள ஒவ்வொருவரின் பங்கும் கூடுமா? மொத்தம் கூடுவதைப் பார்க்க வேண்டாம். வகுத்துப் பார்ப்போம்.

இரண்டாவது, இவரால் வரும் தூரமும் மேலதிகச் செலவும் யார் கணக்கில் விழும்? பருத்தித்துறைக் கடைக்காரர் அந்த மேலதிக 30,000 ரூபாவில் பெரும்பகுதியைத் தானே ஏற்கச் சம்மதித்தால் கணக்கு மாறிவிடும். அவரைச் சேர்க்கவே கூடாது என்பதல்ல. எந்த நிபந்தனையில் என்பதே விடயம்.

மூன்றாவது, நம்மிடம் இல்லாத எதை இவர் கொண்டுவருகிறார்? ஐந்து பேரும் பலசரக்குக் கடைக்காரர்களாக இருக்கும்போது ஆறாவதாக இன்னொரு பலசரக்குக் கடைக்காரரைவிட, சொந்தக் களஞ்சியம் உள்ளவரோ, திரும்பிப் போகும் வெறும் லொறியில் வெங்காயமும் வாழைக்குலையும் கொழும்புக்கு அனுப்புகிறவரோ பெறுமதியானவர். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண்ணில் விளைவது கொழும்புக்குப் போகத்தானே வேண்டும்? இருபக்கமும் சரக்கு ஏறினால் வாடகையே பாதியாகும். கொன்சாகாவைச் சேர்த்தவர்கள் பார்த்தது இதைத்தான்.

நான்காவது, இரண்டு பருவம் நட்டம் வந்தாலும் இவர் நின்று பிடிப்பாரா? ஏலத்தில் சொன்ன விலையை மட்டும் நம்பியதால் வந்த வினையைக் கொச்சியில் பார்த்தோம். வாய் வார்த்தைக்குப் பதில் முற்பணமும் பிணையும் கேட்பது அவமரியாதை அல்ல.

ஐந்தாவது, முதல் நாளிலேயே சம பங்கு கொடுக்க வேண்டுமா? படிப்படியாகப் பங்கைக் கூட்டுவது உலகெங்கும் உள்ள நடைமுறை. முதலாண்டு பாதி, இரண்டாமாண்டு முக்கால், பிறகு முழுமை என்று பேசிக்கொள்ளலாம். பழையவர்களின் உழைப்புக்கும் மதிப்பு, புதியவருக்கும் நம்பிக்கை.

ஆறாவது, பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவது? எத்தனை மாத முன்னறிவித்தல், எவ்வளவு கட்டணம், கையிருப்புச் சரக்கு யாருக்கு, நிலுவைக் கடனை யார் கட்டுவது? இதைப் பிரியும் நாளில் பேச முடியாது. சேரும் நாளில், எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பேச வேண்டும். கொடுக்கல் வாங்கலைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இதை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனாலும் நமது கூட்டு வியாபாரங்களில் பலவற்றுக்கு இன்னும் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தகப்பன்மார் இருக்கும்வரை சொல்லே போதுமாக இருக்கிறது. பிள்ளைகள் காலத்தில் அதுவே வழக்காகிறது.

இவற்றோடு நேரத்தையும் மறக்கக் கூடாது. அகலக் கால் வைக்காதே என்பார்கள். அது சரி. ஆனால் அதைச் சொல்லியே கதவை எப்போதும் பூட்டிவைப்பதும் ஆபத்து. பாக் 12 யாரையும் சேர்க்காமல் தன் பங்கைக் காத்துக்கொள்ள நினைத்தது. இரண்டே ஆண்டுகளில் பங்கு போட ஆளில்லாமல் போனது. இன்று யாழ்ப்பாணத்துக்குப் பெரிய சுப்பர் மார்க்கட் கிளைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவர்கள் கொள்முதல் செய்யும் விலைக்குத் தனிக் கடைக்காரர் ஒருவரால் வாங்க முடியாது. சேர்ந்து வாங்கினால்தான் நின்று பிடிக்கலாம். ஆகவே சேர்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு இனி அதிக இடமில்லை. யாரோடு, எந்த நிபந்தனையில் என்பதைத்தான் இப்போதே உட்கார்ந்து பேச வேண்டும்.

வர்த்தக அன்பர்கள் தமது பங்காளிகளோடு ஒரு நாள் மாலை அமர்ந்து, மேலே உள்ள ஆறு கேள்விகளுக்கும் விடையைக் காகிதத்தில் எழுதிப் பார்க்கட்டும். விடை ஒத்துவந்தால் துணிந்து சேர்க்கலாம். ஏதாவது ஒன்றுக்கு விடை வராவிட்டால் அதைப் பேசித் தீர்த்த பின் சேர்க்கலாம். அப்படி எழுதிய காகிதத்தில் எல்லோரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால், பின்னால் நீதிமன்றப் படியேறும் செலவு மிச்சம்.